பஸ்ஸில் போகிறவருக்கு நிர்வாகக் குழுவில் ஓட்டு: அப்படியென்றால் என்ன?

காலை எட்டரை மணிக்கு மதுரை கோரிப்பாளையம் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும், பஸ்ஸை எப்படி ஓட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பத்துப் பேராவது சொல்லிவிடுவார்கள். "பஸ்ல போறவங்களுக்கும் ஓட்டு இருக்கணும்ங்க" என்ற பேச்சும் இடையிடையே அடிபடும். சொல்கிறவர் மனதில் இருப்பது ஒன்று, கேட்கிறவர் புரிந்துகொள்வது வேறொன்று. எந்த ஊருக்கு எந்த நம்பர் பஸ் விடலாம் என்று ஊர் முழுக்க வாக்கெடுப்பு வைப்பார்கள் போல என்று ஒருவர் நினைத்துக்கொள்கிறார். எம்.எல்.ஏ.வுக்குத்தான் ஓட்டுப் போடுகிறோமே, இன்னும் என்ன என்கிறார் பக்கத்தில் நிற்பவர். மனுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள், அதுதானே இது என்கிறார் மூன்றாமவர். மூன்றும் இல்லை.

விஷயம் இதுதான்: பஸ்களை நடத்தும் கழகத்தின் பெரிய முடிவுகளை ஒரு சிறு குழு எடுக்கிறது. அந்தக் குழுவில் பயணிகள் சார்பில் ஓரிருவர் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மட்டும் போதாது, முடிவெடுக்கும்போது அவர்கள் தூக்கும் கையும் எண்ணிக்கையில் சேர வேண்டும். வேண்டும் என்ற பக்கம்தான் நான். ஆனால் அதற்கு முன் இது எப்படி வேலை செய்யும் என்பது தெளிவாக வேண்டும். தெளிவில்லாமல் கேட்டால் கையில் எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம்

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறவர்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு தெரிந்திருக்கும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தால் வந்தது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்காவது பெற்றோர்களாக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அப்படி ஒரு குழுவில் நானும் இரண்டு வருடம் இருந்தேன். முதல் கூட்டத்தில் கையில் இருந்த கொஞ்சப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று பேச்சு வந்தது. முன்பக்கச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்பது ஆசிரியர்கள் யோசனை. ஓர் அம்மா எழுந்து, பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றார். அறையே ஒரு நிமிடம் அமைதியானது. கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினார்கள். தீர்மானப் புத்தகத்தில் தாழ்ப்பாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

ஆசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கழிப்பறைக்குள் அவர்கள் போவதில்லை, அவ்வளவுதான்.

இதே சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லும் என்றது அந்தத் திருத்தம். குழுவின் பெயர் மாறவில்லை, அதே பெற்றோர்தான், அதே நாற்காலிதான். ஆனால் அங்கே அந்த அம்மா சொல்வது ஒரு யோசனை, இங்கே அது தீர்மானம். நம் கட்டுரை முழுவதும் இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

பஸ்ஸின் சொந்தக்காரர் யார்?

மதுரையில் ஒரு காலத்தில் டி.வி.எஸ். பஸ்கள் ஓடின. நேரம் பார்க்க அந்த பஸ்ஸைப் பார்த்தால் போதும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1972-இல் அந்தத் தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டபோது பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1997-இல் கழகங்களுக்கு இருந்த மன்னர்கள், தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்தபோது அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், மதுரை என்றானது. "பாண்டியன் பஸ்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இந்தக் கழகம் ஓர் அரசுத் துறை அல்ல. நிறுவனச் சட்டப்படி பதிவான ஒரு கம்பெனி. கம்பெனி என்றால் பங்குகள் இருக்கும். பங்கு என்பது சொந்தக்காரர் உரிமையின் ஒரு துண்டு. இந்தக் கம்பெனியின் பங்குகள் தமிழ்நாடு அரசிடம் இருக்கின்றன.

கம்பெனிக்குச் சொந்தக்காரர் தினமும் கடையில் உட்கார மாட்டார். அவருக்காகப் பெரிய முடிவுகளை எடுக்க ஒரு குழு இருக்கும். அதுதான் இயக்குநர் குழு; ஆங்கிலப் பெயரால் போர்டு என்பார்கள். போர்டு சொன்னதை நடத்திக் காட்டுகிறவர் நிர்வாக இயக்குநர். டெப்போவில் இருக்கும் கிளை மேலாளர், பஸ் ஸ்டாண்டில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் டைம் கீப்பர், ஓட்டுநர், நடத்துநர் எல்லோரும் அதற்குக் கீழே.

போர்டில் யார் இருப்பார்கள்? பெரும்பாலும் அரசு அதிகாரிகள். போக்குவரத்துத் துறைச் செயலர், நிதித் துறையிலிருந்து ஒருவர், இப்படி. இவர்களைப் பதவிவழி உறுப்பினர் என்பார்கள்: அந்தப் பதவியில் இருப்பதாலேயே இந்த நாற்காலி கிடைக்கிறது, பதவி மாறினால் நாற்காலியும் கைமாறும். சொந்தக்காரர் அரசு என்பதால் இதில் தவறும் இல்லை. ஆனால் காலையில் படியில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறவருக்கோ, மருத்துவமனைக்கு வாரம் இரண்டு தடவை போகிற கிழவிக்கோ அங்கே நாற்காலி இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பஸ் கழகம் ஒரு கம்பெனி, அரசு அதன் சொந்தக்காரர், பெரிய முடிவுகள் போர்டில் நடக்கின்றன, பயணி அந்த அறைக்கு வெளியே நிற்கிறார்.

மனு, ஆலோசனை, ஓட்டு

திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் வேண்டும் என்று வரிசையில் நின்று மனுக் கொடுக்கலாம். ரசீதும் தருவார்கள். மனு என்பது முடிவு எடுக்கிறவரிடம் கேட்பது. கேட்டதைச் செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. முடிவு எடுத்து முடித்த பிறகே பெரும்பாலும் நமக்கு விஷயம் தெரியும், அதற்குப் பிறகுதான் மனுவே எழுதுவோம்.

இதற்கு மேலே ஒரு படி ஆலோசனைக் குழு. ரயிலில் இது பழைய ஏற்பாடு. மதுரைக் கோட்டத்துக்கு ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு உண்டு. கோட்டம், மண்டலம், தேசம் என்று ஒவ்வொரு மட்டத்திலும் உண்டு. வணிகர் சங்கங்கள், பயணிகள் சங்கங்கள் சார்பில் ஆட்கள் போய் உட்கார்ந்து, இந்த ரயில் இங்கே நிற்கட்டும், அந்த நடைமேடைக்குக் கூரை போடுங்கள் என்று சொல்கிறார்கள். அதிகாரிகள் பதில் சொல்கிறார்கள். நல்ல காரியங்கள் இதனால் நடந்திருக்கின்றன. ஆனாலும் அது ஆலோசனைதான். பஸ்ஸுக்கும் இப்படி யோசித்திருக்கிறார்கள்: 1950-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தில் ஆலோசனைக் குழு அமைக்க இடம் உண்டு. கேரளத்திலும் கர்நாடகத்திலும் கழகங்கள் அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. நம்முடையவை கம்பெனிகள் என்பதால் அந்த வழி இங்கே நேரடியாகப் பொருந்தாது.

மூன்றாவது படி ஓட்டு. அதனோடு கூட வருகிற மூன்று நான்கு உரிமைகள்தான் எனக்கு ஓட்டைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. ஓட்டு உள்ள இயக்குநருக்குப் போர்டு கூட்டத்துக்கு ஏழு நாளாவது முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது நிறுவனச் சட்டம். எதைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்ற தாள்கள் கைக்கு வரும். வருடத்துக்கு நான்கு கூட்டமாவது நடக்க வேண்டும், இரண்டு கூட்டத்துக்கு நடுவே 120 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒரு தீர்மானத்தை யாராவது ஏற்கவில்லை என்றால் அவர் பெயர் கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். கூட்டக் குறிப்பு என்றால் அன்று என்ன பேசி என்ன முடிவானது என்பதன் பதிவு. பள்ளியின் தீர்மானப் புத்தகம் மாதிரி.

மனுக் கொடுத்தவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஆலோசனை சொன்னவருக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

பத்துப் பேரில் ஒருத்தர் என்ன செய்துவிடுவார்?

நியாயமான கேள்வி. எண்ணிக்கையில் தோற்றுத்தான் போவார். பிறகு ஏன்?

எங்கள் பஸ்ஸில் வரும் பூக்கார அக்காவைச் சொல்கிறேன். விடியுமுன்பே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி எடுத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் போகிறவர். பழைய மாதிரி டவுன் பஸ்ஸில் படிக்கட்டு வாசலின் நடுவே ஒரு கம்பி இருக்கும், பிடித்து ஏறுவதற்கு. அக்காவின் கூடை அந்தக் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே நுழையாது. அவர் செய்வது இது: முதலில் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே நிற்கிற யாரிடமாவது கொடுப்பார். "தம்பி, அங்கிட்டு வச்சிருப்பா, சாய்ச்சிராத." பிறகு முழங்காலில் ஒரு கையை ஊன்றி முதல் படி. ஒரு மூச்சு. அப்புறம் இரண்டாவது படி. ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் படியில் விழுந்துகொண்டே இருக்கும்.

அந்தப் படியின் உயரம் தலைவிதியால் வந்ததல்ல, வாங்கும்போதே முடிவாகிறது. நகர பஸ்களின் தரையை 400 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர், 900 மில்லிமீட்டர் என்று மூன்று உயரங்களில் வகைப்படுத்துகிறார்கள். 400 என்றால் தாழ்தளப் பேருந்து, நடைபாதையிலிருந்து அப்படியே கால் வைத்து ஏறலாம், சக்கர நாற்காலியும் ஏறும். 900 என்றால் அக்காவின் முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டும். தாழ்தளம் விலை கூட, பள்ளமான சாலையில் அடி தட்டும் என்ற கவலையும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் எத்தனை பஸ், எந்த உயரம், வாசல் எத்தனை அகலம் என்று தாள் மேசைக்கு வரும்போது, விலைப் பட்டியல் படிக்கத் தெரிந்தவர் பத்துப் பேர் இருக்கிறார்கள், கூடையைத் தூக்கி உள்ளே கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை என்றால், அந்தக் கம்பியைப் பற்றி யாருக்கும் பேசத் தோன்றாது. தோன்றாததைப் பேசாமல் விட்டதற்கு யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது.

அந்த ஒற்றை ஆள் இருந்தால் ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்கலாம். ஆனால் ஒன்பது பேரும் காரணம் சொல்லிவிட்டுத்தான் ஜெயிக்க வேண்டியிருக்கும். அவர் ஒப்பவில்லை என்பது பெயரோடு எழுத்தில் நிற்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நம் ஏரியாவுக்கு பஸ் வாங்கித் தருகிற ஆளாக மட்டும் இருக்க முடியாது. நிறுவனத்தின் நலன், ஊழியர்கள், பொதுமக்கள் என்று எல்லாவற்றையும் மனதில் வைத்து நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்று சட்டம் இயக்குநர்மேல் கடமை வைக்கிறது. டீசல் விலை, ஓட்டுநர் சம்பளம், ஓய்வூதியப் பாக்கி எல்லாம் அவர் கவலையும்தான். பயணிகள் வந்தால் இலவசம் கேட்டே கழகத்தைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓட்டு எட்டாத இடங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுகிறவன் ஆவேன்.

டிக்கெட் விலையைப் போர்டு தீர்மானிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. 2018 ஜனவரியில் கட்டணம் ஏறியபோது மாணவர்கள் சாலைக்கு வந்தார்கள். சில நாளில் கொஞ்சம் குறைத்ததும் அரசுதான். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்ததும் அரசு முடிவுதான். அதற்கு ஈடான பணத்தைக் கழகத்துக்கு அரசு தருகிறது.

பஸ் ஸ்டாண்டு இன்னொரு கதை. பெரியார் நிலையமும் மாட்டுத்தாவணியும் மதுரை மாநகராட்சியின் பொறுப்பு. கழிப்பறை, கடை வாடகை, உட்கார பெஞ்சு எல்லாம் அங்கேதான் கேட்க வேண்டும். பஸ் கழகத்தின் போர்டில் போய் பெரியார் ஸ்டாண்டின் மின்விசிறியைப் பற்றிப் பேசினால், அது எங்கள் வேலை இல்லை என்ற பதில்தான் வரும், அது உண்மையும்கூட. சாலைப் பள்ளத்துக்கு இன்னொரு அலுவலகம்.

ஆகவே போர்டில் ஒரு ஓட்டு என்றால் பஸ் வாங்குவது, கடன், வருடக் கணக்கு, டெப்போக்கள், எத்தனை நடை ஓடுகிறது என்ற கணக்கு, புகார்களை எப்படிக் கையாள்வது, இவற்றில் ஒரு கை. கட்டணத்தில் நேரடியாக இல்லை.

மற்ற ஊர்களில் எப்படி?

நியூயார்க் போக்குவரத்து ஆணையத்தின் கதை நமக்கு ரொம்பப் பயன்படும். அங்கே 1981-இல் மாநிலச் சட்டமன்றமே பயணிகள் குழுக்களை அமைத்துக் கொடுத்தது. பிற்பாடு அவர்களுக்குப் போர்டு மேசையிலேயே நாற்காலியும் கிடைத்தது. பேசலாம், கேள்வி கேட்கலாம், ஓட்டு மட்டும் கிடையாது. அந்த ஓட்டைக் கேட்டு மசோதாக்கள் வந்திருக்கின்றன. அதே போர்டில் நான்கு சிறு மாவட்டங்களின் உறுப்பினர்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு, ஆளுக்குக் கால் ஓட்டு. ஓட்டைக் கால் காலாகக் கூடப் பிரிக்க முடிகிறது என்றால், பயணிக்குக் கொடுக்க வழியில்லை என்று சொல்ல முடியாது.

சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் பார்ட் ரயில் ஓடுகிறது. நம் பாண்டியன் தொடங்கிய அதே 1972-இல் ஓடத் தொடங்கியது. அதன் போர்டில் ஒன்பது பேர், ஒன்பது பேரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே ஓட்டுப் போடுகிறவர் அந்தப் பகுதியில் குடியிருப்பவர், ரயிலில் போகிறவர் அல்ல. கார் மட்டுமே ஓட்டுகிறவரும் ஓட்டுப் போடுவார். குடியிருப்பவர் ஓட்டு வேறு, பயணி ஓட்டு வேறு. இந்தக் குழப்பம்தான் எம்.எல்.ஏ. பேச்சிலும் வருகிறது.

பிரான்சில் 1983-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசு நிறுவனங்களின் போர்டில் அரசின் ஆட்கள், ஊழியர்கள் தேர்ந்தெடுத்தவர்கள், அப்புறம் துறை தெரிந்தவர்களும் பயன்படுத்துகிறவர்கள் சார்பானவர்களும் அடங்கிய ஒரு தரப்பு என்று மூன்று தரப்புக்கும் இடம் வைத்தார்கள். பாரிஸ் மெட்ரோ நடத்தும் நிறுவனத்தின் போர்டில் மூன்றில் ஒரு பங்கு ஊழியர்களே தேர்ந்தெடுத்த ஆட்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. நடத்துநரையும் பயணியையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒரே மேசையில் உட்கார வைக்கிறது.

யார் பயணி?

இங்கேதான் சிக்கல் முழுவதும் இருக்கிறது, அவசரப்படாமல் பார்க்க வேண்டும்.

பணம் கொடுத்து டிக்கெட் எடுத்தவர்தான் பயணி என்றால், கட்டணமில்லாமல் போகிற பெண்கள், இலவச பாஸ் வைத்திருக்கும் மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் பட்டியலுக்கு வெளியே போய்விடுவார்கள். காலையில் டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும், அவர்களை எடுத்துவிட்டால் பஸ் எப்படி இருக்கும் என்று. பூக்கார அக்காவும் பணம் கொடுக்காத பயணிதான். அவருக்கும் நடத்துநர் டிக்கெட் கிழித்துத்தான் தருகிறார். கழிவது பணம் இல்லை என்றாலும் பயணம் பயணம்தான். கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது மாதிரி, இங்கேயும் பஸ்ஸை நம்பி வாழ்கிறவர் என்பதே அளவாக இருக்க வேண்டும்.

அடுத்து, தேர்ந்தெடுப்பது எப்படி? அரசே ஒருவரை நியமித்தால் அவர் பஸ்ஸில் ஏறி எத்தனை வருடமானதோ. பயணிகள் சங்கங்கள் அனுப்பலாம். ஆனால் சங்கம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஊரில் பேசத் தெரிந்த ஆண்கள். பஸ் ஸ்டாண்டில் பெட்டி வைத்துத் தேர்தல் நடத்தினால் கட்சிக் கொடி வந்துவிடும். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கட்டும், வாரத்தில் ஐந்து நாளாவது பஸ்ஸில் போகிறார்களா என்று பார்த்துவிட்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டு இருவரை எடுக்கலாம், அதில் ஒருவர் கட்டாயம் பெண் என்பது என் யோசனை. சீட்டுக் கம்பெனியில் குலுக்கலை நம்புகிற ஊர்தானே நம்முடையது. இரண்டு வருடம் முடிந்தால் வேறு இருவர்.

உசிலம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர் பக்கம் ஒரு நாளைக்கு மூன்று நடை மட்டுமே பஸ் பார்க்கிற கிராமங்கள் உண்டு. நகரத்துக்கு ஒருவர், கிராமத்துக்கு ஒருவர் என்று பிரித்தால் இன்னும் நல்லது.

எதை மாற்றினால் நடக்கும்?

நாடாளுமன்றத்தில் சட்டம் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் நிறுவன விதிகள் என்று ஒன்று இருக்கும்: போர்டில் எத்தனை பேர், யார் நியமிப்பது என்பதை எழுதி வைத்திருக்கும் உள் சட்டம். அதைப் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட்டு மாற்றலாம். நம் கழகத்தில் பங்கு அரசிடம் இருக்கிறது. அரசு மனது வைத்தால் ஓர் அரசாணை, ஒரு தீர்மானம், வேலை முடிந்தது. மாநிலத்தில் இருக்கும் எட்டுக் கழகங்களிலும் ஒரேயடியாகச் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை, மதுரையில் மட்டும் ஆரம்பித்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் ஒரு நாள் பழங்காநத்தம் தாண்டுகிற வரைக்கும் பூக்கார அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். மடியில் கூடை, கை பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது. போர்டு, பங்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கூட்டம் எத்தன மணிக்கு தம்பி?"

காலையில் இருக்கலாம் என்றேன்.

"காலையிலன்னா யாவாரம் போயிரும்ல. அன்னைக்குக் கூலி யாரு குடுப்பா?"

கூட்டத்துக்கு வரும் இயக்குநருக்கு அமர்வுப் படி கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது அக்கா என்றேன். கட்டிய சரத்தை முழம் போட்டு அளந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப மத்தியானத்துக்கு மேல வைக்கச் சொல்லு. எழுதி வச்சுக்க."